கடைசித் தக்காளி பழுக்க வெயில் வேண்டுமா?



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் திருச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு தக்காளி நாற்றுகள் நட்டோம். தை, மாசி மாதங்களில் செடிகள் நன்றாகக் காய்த்தன. குழம்புக்கும் ரசத்திற்கும் வேண்டிய பழங்களை அன்றாடம் பறித்துக்கொண்டோம். அண்டை வீடுகளுக்கும் கொடுத்தோம். பங்குனி பிறந்ததும் நிலைமை மாறியது. பூத்த பூக்கள் காம்போடு உதிர்ந்தன. இலைகளின் ஓரம் சுருண்டது. புதிதாக ஒரு பிஞ்சுகூட இறங்கவில்லை. ஏற்கெனவே காய்த்திருந்த காய்கள் சிவக்காமல் மஞ்சளாக வெளிறி நின்றன.

‘இனி இந்தச் செடிகளால் பயனில்லை’ என்று முடிவு செய்து, ஏப்ரல் முதல் வாரத்தில் மீதமிருந்த காய்களையெல்லாம் பறித்தேன். ஒரு கூடை நிறைந்தது. எடை போட்டால் ஏழு கிலோ. அத்தனையும் பச்சைக் காய்கள். ‘பழுக்க வேண்டுமானால் வெயில் வேண்டும், மொட்டை மாடியில் வெயிலுக்கா பஞ்சம்?’ என்று எண்ணி, மாடியில் ஒரு சாக்கை விரித்து ஐந்து கிலோ காய்களைப் பரப்பினேன். மீதி இரண்டு கிலோவை என் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். காய்களின் மேற்புறம் வெந்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தொட்டால் கொழகொழவென்று இருந்தது. ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் குப்பைக் குழியில் கொட்ட வேண்டியதாயிற்று.

என் தாயாரோ அடுக்களை மூலையில், குடிநீர்ப் பானை வைத்திருக்கும் ஈர மணலில், கசிகிற பழைய மண்பானை ஒன்றைப் பதித்திருந்தார். அதில் வைக்கோல் பரப்பி, காய்களை அடுக்கி, மேலே ஒரு வாழைப்பழத்தையும் வைத்து மூடியிருந்தார். எட்டாம் நாள் திறந்தபோது, உள்ளே பெரும்பாலான காய்கள் சிவந்திருந்தன!

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏன்டா, காலேஜ்ல பௌதிகம் சொல்லிக் குடுக்கிற. பழுக்க வைக்கிறதுக்கும் காய வைக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியலையே!”

அந்த வித்தியாசம் என்ன? இருட்டான பானைக்குள் காய் எப்படிச் சிவந்தது? கண்கூசும் வெயிலில் கிடந்த காய் ஏன் சிவக்கவில்லை? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புறப்பட்டால், தாவரவியலும் வேதியியலும் நம் இயற்பியலும் ஒன்றாகக் கைகோத்து வருகின்றன. வாருங்கள், பார்ப்போம்.

பருவம் ஏன் முடிகிறது?

தக்காளியின் மூதாதைகள் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டிய நிலங்களில் வளர்ந்தவை. மெக்சிகோ மக்கள் அதைப் பயிராக வளர்த்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டார் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். பின்னர் போர்ச்சுகீசியர் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. கடுங்குளிரும் கடும் வெப்பமும் இல்லாத இடத்தில் தக்காளிச் செடி ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழக் கூடியது. ஆகவே, அதன் பருவத்தை முடித்து வைப்பது பெரும்பாலும் செடியின் வயது அன்று; சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையே.

குளிர் நாடுகளில் பருவத்தை முடிப்பது உறைபனி. மேகமற்ற இரவில் நிலமும் செடிகளும் தங்கள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்தை நோக்கி இழக்கின்றன. மேகம் இருந்தால் அது ஒரு போர்வைபோல் இருந்து வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாவிட்டால் இலையின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையைவிடக் கீழே இறங்கிவிடும். அது 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் இலைத் திசுவில் உள்ள நீர் உறைகிறது, செல்கள் சிதைகின்றன. மறுநாள் காலையில் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் கருகித் தொங்கும். நம் நாட்டிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலம் பகுதியில் இதைக் காணலாம்.

நம் சமவெளியில் பருவத்தை முடிப்பது வெப்பம். திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் ஏப்ரல் மாதப் பகல் 37, 38 டிகிரியைத் தொடும். இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. தக்காளிப் பூவில் மகரந்தம் உருவாகும் நாட்களில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால், மகரந்தத்தின் பெரும்பகுதி வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொள்வதில்லை, உதிர்த்துவிடுகிறது. பங்குனியில் எங்கள் கொல்லையில் நடந்தது இதுதான். உரம் போட்டும் தண்ணீர் ஊற்றியும் இதைச் சரி செய்துவிட முடியாது.

பச்சை எங்கே போகிறது? சிவப்பு எங்கிருந்து வருகிறது?

பச்சைக் காயின் நிறத்திற்குக் காரணம் இலைகளில் உள்ள அதே பச்சையம்தான். காய் பழுக்கத் தொடங்கும்போது பச்சையம் சிதைகிறது. அதே சமயத்தில் இரு வேறு நிறப்பொருள்கள் அங்கே உருவாகின்றன. ஒன்று லைக்கோபீன், இதுதான் தக்காளியின் சிவப்பு. மற்றொன்று கரோட்டீன், காரட்டுக்கு நிறம் தருவது இதுவே. கரோட்டீன் மட்டும் இருந்தால் பழம் மஞ்சளாக அல்லது ஆரஞ்சு நிறமாகத் தெரியும்.

நிறத்தோடு சேர்ந்து வேறு மாறுதல்களும் நடக்கின்றன. செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளை நொதிகள் கரைக்கின்றன, காய் மென்மையாகிறது. புளிப்பு குறைகிறது. மணம் தரும் பொருள்கள் தோன்றுகின்றன.

இந்த வேலைகள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நொதி செய்கிறது. நொதிக்குத் தகுந்த வெப்பநிலை வேண்டும். லைக்கோபீன் நன்றாக உருவாவதற்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 20 முதல் 25 டிகிரி வரை. 30 டிகிரியைத் தாண்டும்போது அதன் உற்பத்தி பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆனால், கரோட்டீன் உற்பத்தி அந்த வெப்பத்திலும் ஓரளவு தொடர்கிறது. பச்சை போய்விட்டது, சிவப்பு வரவில்லை, மஞ்சள் மட்டும் வந்திருக்கிறது. கோடைத் தக்காளி மஞ்சளாக வெளிறி நிற்பதன் இரகசியம் இதுதான்!

கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் வெளிச்சம் ஒரு கட்டாயப் பொருளாக எங்கும் வரவில்லை. முற்றிய காய் இருட்டிலும் சிவக்கும். வெளிச்சம் இலைக்குத்தான் இன்றியமையாதது. இலை அதைக் கொண்டு சர்க்கரை தயாரித்துக் காய்க்கு அனுப்புகிறது. காய் முற்றும்வரை அந்தச் சர்க்கரை வரவேண்டும். முற்றிய பிறகு பழுப்பதற்கு வேண்டிய பொருள்கள் காய்க்குள்ளேயே இருக்கின்றன.

வெயில் செய்த தீங்கு

மாடியில் கிடந்த காய்களின் வெப்பநிலை என்னவாக இருந்திருக்கும்? காய்கள் கெட்ட பிறகுதான் இந்த ஆராய்ச்சி எனக்குத் தோன்றியது. கல்லூரியிலிருந்து வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்தேன். நண்பகலில் மாடியில் நிழலில் காற்றின் வெப்பநிலை 37 டிகிரி. வெயிலில் வைத்த ஒரு காயின் சதைக்குள் வெப்பமானியைச் செருகினேன். 47 டிகிரி காட்டியது! அம்மாவின் பானைக்குள் பார்த்தேன், 28 டிகிரிதான்.

காற்றைவிடக் காய் 10 டிகிரி கூடுதலாகச் சூடானது எப்படி? பக்கத்திலிருந்த செம்பருத்தி இலையைத் தொட்டுப் பார்த்தேன். அதே வெயிலில் நின்றும் அது அவ்வளவு சுடவில்லை. இலையின் அடிப்புறத்தில் ஆயிரக்கணக்கான இலைத்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை இலையிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே, இலை குளிர்கிறது. நமக்கு வியர்ப்பதைப் போன்ற ஏற்பாடு இது.

தக்காளித் தோலில் இலைத்துளைகளே கிடையாது. மெழுகு பூசிய வழுவழுப்பான தோல் அது. உள்ளே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர் இருந்தும், அந்த நீர் எளிதில் ஆவியாகி வெளியேற வழியில்லை. சூரியக் கதிர்கள் தரும் வெப்பத்தை அது வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகிறது. வியர்க்கத் தெரியாத ஒரு மனிதனை வெயிலில் நிறுத்தியதுபோல!

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. குளிர் நாடுகளில் பருவக் கடைசியில் காய்களை மறைக்கும் இலைகளைத் தோட்டக்காரர்கள் கிள்ளி விடுவது உண்டு. காய்கள்மீது வெயில் பட்டு அவை சற்றே சூடாக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். 15 டிகிரிக் காற்றில் நிற்கும் காய்க்கு அது நல்லது. அந்த நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு நம் ஊர் ஏப்ரல் மாதத்தில் இலைகளைக் கிள்ளினால் காய்கள் வெந்துபோகும். இங்கே இலைதான் காய்க்குக் குடை. இயற்பியல் விதி இரண்டு ஊர்களுக்கும் ஒன்றுதான். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நம் வெப்பமானியைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாழைப்பழம் விட்ட தூது

அம்மா பானைக்குள் வாழைப்பழம் வைத்தது ஏன்? “பழத்தோட வச்சா காய் பழுக்கும். எங்க பாட்டி செய்வாங்க” என்றார். அந்தப் பாட்டி அறிந்திருந்த உண்மைக்கு அறிவியல் காரணம் கிடைக்க 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1901-ஆம் ஆண்டு. ரஷ்யாவில் நெல்யுபோவ் என்ற இளம் தாவரவியலாளர், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் விந்தையாக வளர்வதைக் கண்டார். நாற்றுகள் குட்டையாகித் தடித்துப் பக்கவாட்டில் வளைந்தன. வெளிக்காற்றில் வைத்தால் சரியாக வளர்ந்தன. ஆய்வுக்கூட விளக்குகளுக்குப் பயன்பட்ட நிலக்கரி வாயுவில் கலந்திருந்த எதிலீன்தான் இதற்குக் காரணம் என்று அவர் கண்டறிந்தார். 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் என்பவர், பழுக்கும் ஆப்பிள்கள் தாமே எதிலீனை வெளிவிடுகின்றன என்று மெய்ப்பித்தார். தாவரத்துக்குள் எதிலீன் எந்தப் பொருளிலிருந்து உண்டாகிறது என்ற முக்கியமான படியை 1979-இல் அமெரிக்காவில் ஆடம்ஸ், யாங் என்ற இருவர் விளக்கினர்.

எதிலீன் மிகச் சிறிய மூலக்கூறு. இரண்டு கார்பன் அணுக்கள், நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். இதன் மூலக்கூறு எடையைக் கூட்டிப் பாருங்கள். கார்பனுக்கு 12 வீதம் 24, ஹைட்ரஜனுக்கு 4, மொத்தம் 28. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29. இரண்டும் ஏறக்குறைய சமம்! ஆகவே எதிலீன் ஹைட்ரஜனைப் போல் மேலே விரைந்து போய்விடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடைப் போல் அடியில் தேங்குவதும் இல்லை. ஊதுவத்தி மணம் அறை முழுவதும் பரவுவதுபோல் எல்லாப் பக்கமும் விரவுகிறது. பானையின் மேலே இருக்கும் வாழைப்பழம் விடுகிற வாயு அடியில் இருக்கும் காயையும் எட்டிவிடுகிறது.

எட்டினால் போதுமா? உள்ளே நுழைய வேண்டுமே! தோலில்தான் துளை இல்லை. காய் காம்போடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வடு இருக்கிறது அல்லவா? வாயுப் போக்குவரத்தின் பெரும்பகுதி அந்த வடுவின் வழியாகத்தான் நடைபெறுகிறது. ஆக்சிஜன் உள்ளே போவதும், எதிலீன் வந்து போவதும் அந்த ஒரே வாசலில்தான்.

எதிலீன் செல்லுக்குள் சென்றதும் ‘பழுக்கத் தொடங்கு’ என்ற கட்டளைபோல் வேலை செய்கிறது. அதன் விளைவுகளில் ஒன்று, அந்தக் காயே மேலும் எதிலீனை உற்பத்தி செய்யத் தொடங்குவது. அது அடுத்த காயைத் தூண்டுகிறது. கார்த்திகை தீபத்தன்று ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றுவதுபோல, பழுக்கும் செயல் காய்க்குக் காய் தாவுகிறது. திறந்த வெளியில் எதிலீன் காற்றோடு கலந்து போய்விடும். மூடிய பானையில் அது தங்கும்.

ஆனால் பாலித்தீன் பையில் இறுகக் கட்டிவிடாதீர்கள். காய்கள் சுவாசிக்கின்றன, நீராவியை விடுகின்றன. அது பையின் உட்புறம் துளித்துளியாகப் படியும். அந்த ஈரத்தில் பூஞ்சை வளரும். செய்தித்தாள், வைக்கோல், காகிதப் பை ஆகியவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதோடு, எதிலீனையும் ஓரளவு தக்க வைக்கும்.

மண்பானையின் குளிர்ச்சிக்கும் காரணம் உங்களுக்குத் தெரியும். ஈர மணலிலிருந்து நீர் பானையின் நுண்துளைகளில் ஏறி ஆவியாகிறது. மாடியில் காய்க்குக் கிடைக்காத ஆவியாதல் குளிர்ச்சியை, பானை வாங்கிக் கொடுத்தது. அதனால்தான் உள்ளே வெப்பநிலை 30-ஐத் தாண்டவில்லை, சிவப்பு வந்தது.

குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் என்ன?

“அதிக வெப்பம் ஆகாது என்றால் குளிர்பதனப் பெட்டி இன்னும் நல்லதல்லவா?” என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் 4, 5 டிகிரிதான் இருக்கும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலும் கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன. 10 டிகிரிக்குக் கீழே பல நாட்கள் இருந்தால் தக்காளிச் சவ்வுகளின் நெகிழ்ச்சி குறைந்து, அவை பழுதடைகின்றன. பிறகு வெளியே எடுத்தாலும் காய் திட்டுத்திட்டாக நிறம் மாறும், விரைவில் அழுகும். நன்கு பழுத்த பழத்தைச் சில நாள் வைத்திருக்கலாம்; பச்சைக் காயை வைக்கக்கூடாது.

எந்தக் காய் பழுக்கும்?

அம்மாவின் பானையில் எல்லாக் காய்களும் சிவந்துவிடவில்லை. சில சிறு காய்கள் அப்படியே சுருங்கிப் போயின. காரணம், அவை முற்றாதவை. முற்றிய காயை எப்படி அறிவது?

ரகத்திற்கு உரிய முழுப் பருமனை அடைந்திருக்க வேண்டும். தோல் மினுமினுக்கும். கரும்பச்சை மாறி, அடிப்பாகம் வெளிர்பச்சையாகியிருக்கும். ஐயம் தீர ஒரு காயைக் குறுக்கே கத்தியால் வெட்டிப் பாருங்கள். விதைகளைச் சுற்றிக் கொழகொழப்பான கூழ் உருவாகி, கத்திக்கு விதைகள் வழுக்கி விலகினால் அதன் பருமனை ஒத்த காய்கள் முற்றியவை. விதைகளே இரண்டாக அறுபட்டால் அவை இன்னும் பிஞ்சு. அவற்றை எந்தப் பானையும் பழுக்க வைக்காது. கூட்டு, பச்சடி, தொக்கு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். பச்சைக் காயில் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் உண்டு. பழுக்கும்போது அது குறைந்துவிடும். ஆகவே பச்சைக் காயை அளவோடு சமைத்து உண்பது நல்லது.

சுவை மிகுந்த பழம் வேண்டுமா? அடிப்பாகத்தில் இலேசான இளஞ்சிவப்பு தோன்றிய உடனே பறியுங்கள். அந்த நிலைக்குள் செடி தர வேண்டியதில் பெரும்பங்கைத் தந்துவிட்டது. அதன்பின் வெயிலுக்கும் அணிலுக்கும் பறவைக்கும் அதை விட்டு வைப்பானேன்?

பின்னோக்கி எண்ணுங்கள்

நான் செய்த முதல் தவறு மாடியில் காயப்போட்டது அன்று. அதற்கு ஒன்றரை மாதம் முன்பே தவறிவிட்டேன். ஒரு சிறு கணக்கு போடுவோம்.

பூ மலர்ந்ததிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ 35 முதல் 40 நாட்கள் ஆகும். அதன்பின் பழுக்க ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஏறத்தாழ 45 நாட்கள். எங்கள் ஊரில் ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நல்ல பருவம் முடிகிறது என்று கொண்டால், 45 நாட்கள் பின்னோக்கி எண்ண வேண்டும். பிப்ரவரி 15 வருகிறது. அந்தத் தேதிக்குப் பின் மலரும் பூ நமக்கு நல்ல பழமாக வந்து சேராது. ஆனாலும் செடி தன் சர்க்கரையை அந்தப் பூவுக்கும் பிஞ்சுக்கும் பங்கிட்டுக்கொண்டே இருக்கும்.

ஆகவே, பிப்ரவரி நடுவில் புதிய பூங்கொத்துகளையும் பக்கக் கிளைகளின் கொழுந்துகளையும் கிள்ளிவிட வேண்டும். கொடிபோல் நீண்டு வளரும் ரகமானால் நுனியையும் கிள்ள வேண்டும். கையிலிருக்கும் காய்கள் விரைவாக முற்றும். காயை மறைக்கும் பெரிய இலைகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலையுதிர்கால உறைபனியை எண்ணி, ஆகஸ்டு மாதத்திலேயே நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். தேதிதான் வேறு; கணக்கு ஒன்றே. உங்கள் ஊரில் பருவம் முடியும் தேதி எது? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். செடியைச் சில நாள் வாடவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால், சவ்வூடு பரவலால் நீர் விரைவாகக் காய்க்குள் புகும். சதை பருக்கிற வேகத்திற்குத் தோல் நீளாது; காய் வெடிக்கும். கோடை மழை வரும்போல் இருந்தால் முற்றிய காய்களை முன்னதாகவே பறித்துவிடுவது புத்திசாலித்தனம்.

செடியை வழியனுப்புதல்

காய் பறித்த செடியை அப்படியே நிற்க விடாதீர்கள். வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி, இலைச்சுருள் நோயை உண்டாக்கும் வைரசைப் பழைய செடியிலிருந்து புதிய நாற்றுக்குக் கொண்டு செல்லும். வேரோடு பிடுங்கி வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. நோயுற்ற செடியை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். நலமான செடியை நறுக்கி எருவாக்கலாம். அதே இடத்தில் அடுத்தபடியாகக் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வைக்காதீர்கள். இவை யாவும் தக்காளியின் உறவினர்கள். அதே நோய்கள் இவற்றையும் தாக்கும். சோளம், வெங்காயம், செண்டுமல்லி ஆகியவற்றில் ஒன்றை வைக்கலாம். செண்டுமல்லியின் வேர் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தும் தன்மை உடையது.

விதையும் எடுத்து வைக்கலாம். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 போன்ற ரகமாக இருந்தால், நோயற்ற செடியில் நன்கு பழுத்த பழத்தின் விதைக் கூழை ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள கூழ் கரைந்துவிடும். கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வீரிய ஒட்டு ரகங்களில் எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது.

செய்து பாருங்கள்

ஒரே பருமனுள்ள முற்றிய பச்சைத் தக்காளிகள் பன்னிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மும்மூன்றாக நான்கு பிரிவாக்குங்கள்.

1. முதல் பிரிவை வெயிலில் வையுங்கள்.

2. இரண்டாம் பிரிவை வீட்டுக்குள் நிழலில் ஒரு தட்டில் திறந்து வையுங்கள்.

3. மூன்றாம் பிரிவைச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு பழுத்த வாழைப்பழத்துடன் அட்டைப் பெட்டியில் மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

4. நான்காம் பிரிவைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பத்து நாள் கழித்து வெளியே எடுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறம், மென்மை, அந்த இடத்தின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அழுகத் தொடங்கிய காயை உடனே அகற்றுங்கள். மூன்றாம் பிரிவு முந்தியதற்கு வாழைப்பழம் காரணமா, மூடிய பெட்டி காரணமா? இதைப் பிரித்தறிய இன்னொரு பிரிவு வேண்டும். அதை எப்படி அமைப்பீர்கள் என்று சிந்தியுங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கால்சியம் கார்பைடுக் கல்லை வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் வாயுவைத் தரும். அதனுடன் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்ந்த நச்சுப் பொருள்களும் கலந்து வரக்கூடும். எதிலீன் வாயுவைப் பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்ற அளவுவரை பயன்படுத்த 2016-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி அளித்தது. நம் வீட்டிற்கு அந்தக் கருவிகளெல்லாம் தேவையில்லை. ஒரு வாழைப்பழமே போதும்.

ஐந்து கிலோவின் விலை

ஐந்து கிலோ தக்காளிதானே என்று தோன்றலாம். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே கடைகளில் குறைந்த விலைக்கு விற்க வேண்டி வந்தது. வேறு மாதங்களில் பறிக்கிற கூலிக்குக்கூட விலை போகாமல், தக்காளியைச் சாலையோரம் கொட்டிய செய்திகளையும் படிக்கிறோம். எந்த நிலையில் பறிப்பது, எந்த வெப்பத்தில் வைப்பது என்பது உழவருக்கு ஒரு பருவத்து உழைப்பைக் காப்பாற்றும் கேள்வி.

இந்த ஆண்டும் கொல்லையில் செடிகள் வைத்தோம். பிப்ரவரி 15-ஆம் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தேன். அன்று மாலை கொழுந்துகளைக் கிள்ளினேன். மார்ச் கடைசியில் பறித்த பச்சைக் காய்கள் மூன்றரைக் கிலோதான் இருந்தன; மற்றவை முன்பே பழுத்துச் சமையலுக்கு வந்துவிட்டன. அந்த மூன்றரைக் கிலோவையும் மாடிக்கு எடுத்துப் போகவில்லை. ஈர மணலில் இப்போது இரண்டு பானைகள் இருக்கின்றன.